ஒன்பதாவது மைல் காற்று

3 ஜூலை 2023, திங்கள்

காலையில் வண்டியைக் கழுவினேன். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, கழுவியதும் கழுவாததும் ஒன்றுதான். ஆனாலும் நாளை மறுநாள் ஆட்கள் வருகிறார்கள். முதலாளி லிங்கசாமி வந்து விரலால் தடவிப் பார்ப்பார்.

கேரவன் ஓட்ட வந்து ஐந்து வாரம் ஆகிறது. அரசு பஸ் டிரைவராக முப்பத்தோரு வருஷம் இந்த ஊட்டி மலையில் ஏறி இறங்கியவனுக்கு, கட்டிலும் அடுப்பும் குளியலறையும் வைத்த ஒரு வேன் என்ன பெரிய விஷயம் என்றுதான் சேர்ந்தேன். முதல் பத்து நாள் அப்படித்தான் இருந்தது. மேற்குக் காற்று கிளம்பியதிலிருந்து இது வேறு வண்டி.

அசதியாக இருக்கிறது. இன்னும் ஓட்டவே இல்லை, அதற்குள் அசதி.

5 ஜூலை, புதன்

திருச்சியிலிருந்து வந்த வயதான தம்பதியைக் கூடலூர் வரை கொண்டுபோய்விட்டுத் திரும்பினேன். போகும்போது பைன் காடு வரை ஒன்றும் தெரியவில்லை. மரம் முடிந்து ஒன்பதாவது மைல் புல்வெளி வந்ததும் இடது பக்கத்திலிருந்து யாரோ தோளால் இடித்த மாதிரி ஒரு காற்று. வண்டி நடுக்கோட்டைத் தாண்டப் பார்த்தது. இடப்பக்கம் திருப்பினேன். உடனே கேட்கவில்லை. இன்னும் திருப்பினேன். அதற்குள் மேடு வந்து காற்றை மறைத்துவிட்டது. திருப்பி வைத்ததெல்லாம் சேர்ந்து வண்டி சாக்கடைப் பக்கம் பாய்ந்தது. மறுபடி வெட்டவெளி. மறுபடி இடி. இப்படியே பைக்காரா வரை.

பஸ்ஸுக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை. ஜன்னல் வழியாக உள்ளே வந்து மறுபக்கம் போய்விடும். இது நாலு பக்கமும் அடைத்த சுவர், உச்சியில் ஏசி வேறு. ஆனால் உயரம் மட்டும் காரணமில்லை. ஸ்டீயரிங்கில் பிடிமானமே இல்லை. பஞ்சைப் பிடித்துத் திருப்புவது போல இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியவில்லை. வலது கையில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் மரத்துவிட்டன. என் மனைவி பெட்டிதான் கழற்றிவிட்டாள்.

"என்னங்க கையி?"

"குளிர்" என்றேன்.

6 ஜூலை, வியாழன்

குளிர் இல்லை. இரண்டு வருஷமாகவே இருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

8 ஜூலை, சனி

கருப்புசாமியின் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோனேன். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். ஒவ்வொரு மூட்டாகத் தட்டினார். அலைன்மென்ட் பார்த்தார், பின் டயர்களில் காற்றுக் கூட்டினார். மூன்று மணி நேரம்.

"வண்டியில ஒண்ணும் இல்லீங்கண்ணா. எல்லாம் கரெக்டா இருக்குது."

இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வண்டியில் இல்லையென்றால் வேறு எதில்?

லிங்கசாமி போனில் சிரித்தார். "நானே ஓட்டிப் பாத்தனுங்களே, படகாட்டம் போகுது. உங்குளுக்கு வயசு என்னுங்கண்ணா, அறுபதா?"

அவர் ஓட்டியது மே மாதம், இலை அசையாத காலையில், ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு. அதைச் சொல்லவில்லை. ஐம்பத்தொன்பது என்று மட்டும் சொன்னேன்.

9 ஜூலை, ஞாயிறு

கோயிலில் ஆராதனையின்போது பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்ப வரவில்லை. மூன்று மூன்று தாளாகப் புரண்டது. பெட்டி தன் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

வண்டியா, நானா? எது என்று தெரியாமல் எப்படி ஆட்களை ஏற்றுவது? தெரியாமல்தானே ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

12 ஜூலை, புதன்

எழுதத்தான் வேண்டும்.

ஈரோட்டுக் குடும்பம். கணவன், மனைவி, இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. இரண்டு நாள் புக்கிங். காலையில் கிளம்பும்போதே காற்று ஊளையிட்டது. லிங்கசாமிக்குப் போன் செய்து, நாளைக்குப் போகலாமா என்று கேட்டேன். "வந்தவங்ககிட்ட காத்தடிக்குதுன்னு சொல்லவா முடியும்?" என்றார்.

பைன் காட்டிலேயே முப்பதுக்கு மேல் போகவில்லை. கண்ணாடி வழியாக, எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்தேன். உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் குழந்தை அழுதது. அந்தப் பெண் பால் சூடு பண்ண எழுந்ததை நான் பார்க்கவில்லை. ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாத நேரம் அது.

ஒன்பதாவது மைல். காற்று இடித்தது. இடப்பக்கம் திருப்பினேன் — ஒன்றும் நடக்கவில்லை. முன் சக்கரம் தரையில் இருக்கிறதா என்றே சந்தேகம். எதிரே கேரட் மூட்டை ஏற்றிய ஜீப். அவன் ஹாரனை அழுத்திக்கொண்டே புல்லில் ஏறிவிட்டான். அவன் ஏறியதால்தான் இன்றைக்கு நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த நொடி வண்டி கேட்டது, ஒரேயடியாகக் கேட்டது, இடப்பக்கம் வெட்டி இழுத்தது. பின்னால் பாத்திரம் விழுந்த சத்தம். அவள் கத்தினாள்.

நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன். கொதித்த பால் அவள் இடது மணிக்கட்டில். தோல் சிவந்து, பார்க்கப் பார்க்க வெளுத்தது. குழாயைத் திறந்து கையைத் தண்ணீரில் காட்டச் சொன்னேன். இருபது நிமிஷம் தண்ணீர் ஓடியது. குழந்தைமேல் ஒரு துளியும் படவில்லை. அவள் முழங்கையால் தடுத்திருக்கிறாள்.

"பரவால்லைங்க அங்கிள், நாந்தான் எந்திரிச்சேன்" என்றாள், உதட்டைக் கடித்துக்கொண்டு.

அவள் கணவன் என் கையையே பார்த்தான். ஸ்டீயரிங்கை விட்ட பிறகும் என் விரல்கள் மடங்கியபடியே இருந்தன. விரிக்க முடியவில்லை. அவன் பார்த்துவிட்டான்.

கூடலூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். இரவு அங்கேயே தங்கல். டயரில் சாய்ந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என்ன மனுசன்டா நீ. கை வரலேன்னு தெரியும். தெரிஞ்சே ஏத்துன.

13 ஜூலை, வியாழன்

திரும்பும்போது ஆளில்லை. அவர்கள் டாக்சி பிடித்துப் போய்விட்டார்கள். நியாயம்தான்.

ஆனால் ஒரு விஷயம். அதே காற்று, நேற்றைவிடப் பலம் என்றுகூடச் சொல்லலாம். வழியில் நடுவட்டம் ஊரில் ஒரு டீக்கடைத் தகரம் பறந்து கிடந்தது. ஒன்பதாவது மைலில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். வண்டி ஆடியது. ஆனால் திருப்பிய பக்கம் திரும்பியது! ஸ்டீயரிங்கில் கனம் இருந்தது.

நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்? ஆள் இல்லை. மூன்று பேர் என்ன எடை. வேறென்ன?

ஊட்டிக்கு வந்து கை கழுவ வண்டிக் குழாயைத் திறந்தேன். சொட்டுக்கூட இல்லை. நேற்று அந்தப் பெண்ணின் கைக்கு ஓடவிட்டதும், அப்புறம் அவர்கள் குளித்ததுமாக டேங்க் காலி.

15 ஜூலை, சனி

தண்ணீர் டேங்க் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நானூறு லிட்டர். பின் சக்கரத்துக்கும் பின்னால், தொங்குகிற பாகத்தில். அதற்கும் பின்னால் ஜெனரேட்டர். வால் கனத்தால் தலை தூக்கும், இதை இத்தனை வாரம் யோசிக்காமல் இருந்திருக்கிறேன். கருப்புசாமியிடம் கொண்டுபோன அன்றைக்கும் டேங்க் காலிதான்.

காய்கறி மண்டி எடை மேடையில் கெஞ்சிக் கேட்டு, முன் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்தினேன். டேங்க் காலியாக ஒரு தடவை. நிரப்பிக்கொண்டு வந்து ஒரு தடவை. நிரப்பினால் முன்பக்கத்தில் நூற்றெண்பது கிலோ குறைகிறது. மேடைக்காரர் சீட்டு அடித்துக் கொடுத்தார். "என்னங்க, தண்ணி ஏத்துனா எடை கொறையுது?" என்று இரண்டு தடவை பார்த்தார்.

வண்டிதான். நானில்லை.

பெட்டியிடம் சீட்டைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அப்ப கையி?" என்றாள்.

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

17 ஜூலை, திங்கள்

லிங்கசாமி சீட்டைப் பார்க்கவே இல்லை. வண்டியைக் கட்டிக் கொடுத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருப்பார்கள் என்கிறார். டேங்க்கை நகர்த்த மூன்று வாரம் வண்டி நிற்க வேண்டும், ஆகஸ்ட் வரை புக்கிங்.

"பயமா இருந்தா சொல்லிருங்கண்ணா. வேற ஆளப் பாத்துக்கறேன். ஒண்ணும் தப்பில்ல."

வீடு வரை நடந்து வந்தேன். விட்டுவிடலாம். விட்டால் வேறொருவன் ஏறுவான், அவனுக்குத் தெரியாது. பின்னால் இன்னொருத்தி பால் சூடு பண்ணுவாள்.

18 ஜூலை, செவ்வாய்

போகவில்லை. படுத்தே கிடந்தேன். எலும்புக்குள்ளே தூக்கம் இருக்கிறது, கண்ணுக்கு வரவில்லை.

20 ஜூலை, வியாழன்

லிங்கசாமி வீட்டுக்கே போய்ச் சொன்னேன். "நீங்க ஒரு தடவை பின்னால ஒக்காந்து வாங்க சார். ஒன்பதாவது மைல் வரைக்கும். அப்பறம் நீங்க என்ன சொன்னாலும் சரி."

அவர் தட்டிக்கழிக்கப் பார்த்தார். அவர் மனைவி மூக்கம்மா உள்ளேயிருந்து வந்து, "நானும் வர்றனுங்க. வண்டி வாங்கி இத்தன நாளு ஆச்சு, ஒரு நாளு கூட்டிட்டுப் போனதில்ல" என்றார். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

டேங்க்கை நிரப்பினேன். பைன் காடு முடிகிற இடத்தில் நிறுத்தி, எதிரே வண்டி வராத நேரம் பார்த்து, இருபதில்தான் போனேன். இருபதே போதுமாக இருந்தது. காற்று எடுத்து எதிர்ப்பக்கப் புல்லோரம் வரை தள்ளியது. நான் முழுக்கத் திருப்பிப் பிடித்திருந்தேன். லிங்கசாமி எழுந்து என் சீட்டைப் பிடித்துக்கொண்டு, "திருப்புங்க, திருப்புங்கண்ணா!" என்று கத்தினார்.

"திருப்பித்தான் வெச்சிருக்கேன் சார். பாருங்க."

பார்த்தார்.

நிறுத்தி, டேங்க்கைத் திறந்துவிட்டேன். தண்ணீர் ரோட்டோரம் ஓடி முடிய அரைமணி நேரம்.  காலி வண்டியில் அதே இடத்தை இன்னொரு தடவை கடந்தேன். ஆடியது. ஆனால் போனது.

மூக்கம்மா கட்டில் கம்பியை விடவே இல்லை. இறங்கும்போதுதான் பேசினார், என்னிடம் அல்ல. "இதுலதான் பச்சக் கொழந்தைகள ஏத்தி அனுப்பிட்டிருந்தீங்களாக்கும்?"

லிங்கசாமி புக்கிங் எல்லாவற்றையும் அங்கேயே, புல்வெளியில் நின்றபடி போனில் ரத்து செய்தார். காற்றில் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கத்த வேண்டியிருந்தது. ஈரோட்டுக்காரர்களுக்கும் பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை, தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

2 ஆகஸ்ட், புதன்

கோயம்புத்தூரில் வேலை நடக்கிறது. டேங்க்கை இரண்டாகப் பிரித்து, இரண்டு அச்சுக்கும் நடுவில், தரையோடு வைக்கிறார்கள். ஜெனரேட்டரும் முன்னால் வருகிறது. கட்டிலுக்கு அடியில் இனி போர்வை மட்டும்தான்.

12 ஆகஸ்ட், சனி

வண்டி வந்துவிட்டது. டேங்க் நிறையத் தண்ணீரோடு ஒன்பதாவது மைலுக்கு மூன்று தடவை போய் வந்தேன். நல்ல காற்று. உயரமான வண்டி, தள்ளத்தான் செய்யும். ஆனால் திருப்பினால் கேட்கிறது. காற்று விட்டதும் அடங்குகிறது.

லிங்கசாமி தோளில் தட்டினார். "நீங்க இருக்கற வரைக்கும் எனக்குக் கவலையில்லீங்கண்ணா."

16 ஆகஸ்ட், புதன்

குன்னூரில் ஆட்களை இறக்கிவிட்டு ஊட்டிக்குத் திரும்பினேன். கேத்தி தாண்டி ஒரு நேர் ரோடு. மழை இல்லை, காற்று இல்லை. தேயிலைத் தூறில் ஒரு இலை ஆடவில்லை. ஒன்றுமே யோசிக்காமல் வந்துகொண்டிருந்தேன்.

பார்த்தால் வலது சக்கரம் வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

கை ஸ்டீயரிங்கில்தான் இருந்தது. வலது கை. அது கீழே வழுக்கி, கூடவே ஸ்டீயரிங்கையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. என் கை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எதிரில் எதுவும் வரவில்லை. யாரும் பார்க்கவில்லை. எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு வண்டிதான், நானில்லை என்று எழுதினேன். வண்டியும்தான். நானும்தான்.

17 ஆகஸ்ட், வியாழன்

பெட்டியிடம் சொன்னேன். எல்லாம். இரண்டு வருஷத்தையும். திட்டுவாள் என்று நினைத்தேன். என் கையை எடுத்து மடியில் வைத்து விரல் விரலாகத் தேய்த்தாள். "இந்த வெரலு தெரியுதா? இது?" மூன்றாவது விரலில் நிறுத்தி, தெரியுது என்று நான் சொல்லாததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மத்தியானம் சாவியைக் கொடுத்தேன். லிங்கசாமிக்குப் புரியவில்லை. "அதான் வண்டி சரியாயிருச்சே?"

"வண்டி சரியாயிருச்சுங்க சார். கை சரியில்ல."

சாவியை மேசைமேல் வைத்தார். வயசைப் பற்றி இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. "டீ சாப்டுட்டுப் போங்கண்ணா" என்றார்.

24 ஆகஸ்ட், வியாழன்

சோலூர் பக்கம் பதினோரு வருஷமாகப் பள்ளி வேன் ஓட்டுகிற பாலாமணி வேலைக்கு வந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து பைக்காரா வரை போனேன். நான் வாயைத் திறக்கும் முன்னே அந்தம்மாவே வேகத்தைக் குறைத்தது. "காத்து தெரியுதுங்க. ஆனா வண்டி சொன்ன பேச்சு கேக்குது" என்றது.

என் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. அந்தம்மா பார்த்தது, சிரிக்கவில்லை.

4 செப்டம்பர், திங்கள்

மணிக்கட்டு நரம்புக்கு நாளை ஆபரேஷன். கோயம்புத்தூர். முழுசாகத் திரும்புமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. இடது கையால் எழுதிப் பார்த்தேன், கோழி கிளறியது போல இருக்கிறது. அதனால் இது வலது கையால், மெதுவாக.

காலை பஸ்ஸில் மலை இறங்கினோம். டிரைவர் யாரோ புது ஆள், என்னைத் தெரியாது. பெட்டி ஜன்னலோரம், நான் அவள் பக்கத்தில். குன்னூரில் டீ குடித்தது நினைவிருக்கிறது. முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது நினைவிருக்கிறது.

அவள் தட்டி எழுப்பினாள். வெயில் சுட்டது. பாக்கு மரங்கள் போய், பர்லியார் போய், மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். என் தலை அவள் தோளில் இருந்திருக்கிறது, அவள் புடவையில் எச்சில் கறை.

மலையில் பஸ் இறங்கும்போது நான் தூங்கியது இதுதான் முதல் தடவை.