காணாமற்போன அரசாங்கப் பக்கமும் செர்காம் மாரியம்மாவின் சாட்சியும்

அனுப்புநர்:
கு. தம்புசாமி,
ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், கோயில் கமிட்டித் துணைத் தலைவர், பொதுநலத் தொண்டர்,
சுங்கை மெராந்தி தோட்டம், லூபோக் சீனா, மலாக்கா.

பெறுநர்:
உயர்திரு சிறப்பு அதிகாரி அவர்கள்,
தோட்ட மக்கள் குறைகேட்பு அலுவலகம், மலாக்கா.

பொருள்: இன்டர்நெட்டில் இருந்த அரசாங்கப் பக்கம் ஒன்று ஒரே இரவில் மறைந்தது குறித்தும், என் தம்பி மனைவி முனியாயியின் பிறப்புக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சியிடம் உடனே வாக்குமூலம் வாங்கக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தாங்கள் தமிழ் வாசிப்பவர் என்று கேள்விப்பட்டுத் தமிழிலேயே எழுதுகிறேன். மலாயில் எழுதுவதானால், பதிவு அலுவலக வாசலில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கும் காளிதாஸிடம்தான் போகவேண்டும். மனுவே அவரைப் பற்றியது என்பதால் அது சரிப்பட்டு வராது. அடியேன் படித்தது ஆறாம் வகுப்பு. ஆனால் சட்டம் என்று வந்துவிட்டால் இந்த வட்டாரத்தில் என்னைக் கேட்காமல் ஒருவரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். வழி தவறி வந்த அமைச்சர் ஒருவரே என் லாரியை நிறுத்தி ஆலோசனை கேட்டிருக்கிறார். அப்படியே வழியையும் கேட்டுக்கொண்டார்.

2. என் தம்பி வீராசாமியின் மனைவி முனியாயி, ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்த வருடம் இதே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அதனால் இன்றுவரை குடியுரிமை இல்லாதவருக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டை. பெற்ற பிள்ளைகளுக்குக் குடிமக்களின் நீலம், தாய்க்குச் சிவப்பு. கவுண்டரில் ஒவ்வொரு முறையும் “எந்த நாட்டிலிருந்து வந்தாய்?” என்று கேட்கிறார்கள். ஐயா, அவர் கடலைப் பார்த்ததே செர்காமில்தான், அதுவும் கரையில் நின்று.

3. பல வருடமாகக் காளிதாஸ் சொல்லி வந்தது ஒன்றுதான்: “பெர்த் சர்ட்டிபிகேட் இல்லாம நீலக் கார்டு கனவுலகூட வராதுக்கா. எங்கிட்ட விட்ருங்க, உள்ள எனக்கு ஆள் இருக்கு.” அந்த உள்ளே இருக்கும் ஆளை இதுவரை எவரும் பார்த்ததில்லை.

4. முனியாயியின் மகள் ஷாந்தினி குருபோங் பேக்டரியில் வேலை செய்பவர். சென்ற மாதம் டவுனில் ஒரு சைபர் கஃபேயில் அரசாங்கத்தின் பக்கத்தைத் திறந்து எனக்கு வாசித்துக் காட்டினார். சான்றிதழ் இல்லாதவர்கள், பிறப்பை நேரில் கண்டவரின் சத்தியப் பிரமாண வாக்குமூலத்தோடு விண்ணப்பிக்கலாம் என்று அதில் இருந்தது. நான் எதையும் லேசில் நம்புகிறவன் அல்ல. அதே பக்கத்தைப் பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் திறக்கச் சொன்னேன். அதுவும் அதையே சொன்னது. இரண்டு சாட்சி ஒத்துப்போனால் கோர்ட்டே ஏற்றுக்கொள்கிறது என்பதால் நானும் ஏற்றுக்கொண்டேன். கடையில் இருந்தவர்கள் விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து நின்று கேட்டார்கள்.

5. அச்செடுத்த தாளோடு கவுண்டருக்குப் போனோம். அங்கிருந்த பெண் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, “மானா அசால், பாக்சிக்?” என்றார். அசல் எங்கே என்று அர்த்தம். சாப்பு, அதாவது முத்திரை, இல்லாத தாள் செல்லாதாம். அசலைப் பார்த்த தலைமையாசிரியரோ ஊர்த் தலைவரான பெங்ஹுலுவோ கையெழுத்திட்டுச் சாப்பு வைத்துத் தரவேண்டுமாம். எங்கள் முதுகுக்குப் பின்னால் காளிதாஸ் எட்டி நின்று அந்தத் தாளைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தார். இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

6. எங்கள் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் திரு அந்தோணிராஜ் நியாயஸ்தர். “அசலைக் கண்ணால பாக்காம எப்படிண்ணே சாப்பு வைக்கிறது?” என்றார். பேச்சில் ஞாயம் இருந்தது. மறுநாளே அவரைச் சாப்போடும் மைப்பெட்டியோடும் சைபர் கஃபேக்கு அழைத்துப் போனேன். கம்ப்யூட்டரில் வெள்ளையாக ஒரு பக்கம் வந்தது, ஒரு எழுத்து இல்லை. கடைக்காரத் தம்பி, “வெப்சைட் ரெனோவேஷன்லா அங்கிள், பிறகு வாங்க” என்கிறார். ரெனோவேஷன் என்றால் சிமெண்டு இறங்கவேண்டும், பலகை கட்டவேண்டும், தூசி பறக்கவேண்டும். காலமெல்லாம் மணலும் கல்லும் ஏற்றிய லாரிக்காரனிடம் இந்தக் கதை எடுபடுமா? தலைமையாசிரியர் மைப்பெட்டியை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

7. முதல் நாள் காளிதாஸ் வாசிக்கிறார், மறுநாள் பக்கம் இல்லை. இது எப்படி ஐயா? நேரே போய்க் கேட்டேன். “எனக்கு டைப்ரைட்டர் ரிப்பன் மாத்தவே கை நடுங்குது, நான் எங்கண்ணே இன்டர்நெட்டப் போய்ப் பூட்டப் போறேன்?” என்றார். குற்றமில்லாதவர் இவ்வளவு விளக்கம் சொல்வாரா? மேலும், பூட்டு என்ற வார்த்தையை நான் எடுக்கவே இல்லை. அவராக எடுத்தார். எங்கள் பக்கத்தைத் திறந்தவர் யார், மூடியவர் யார், எந்த ஊரிலிருந்து மூடினார் என்பதைத் தாங்கள் தோண்டிப் பார்க்கவேண்டும். வேண்டுமானால் நானே உடன் வந்து விசாரித்துத் தருகிறேன்.

8. இப்போது தலை போகிற காரியத்துக்கு வருகிறேன். முனியாயி பிறந்ததைக் கண்ணால் கண்டவர்களில் உயிரோடிருப்பவர் மாரியம்மா ஒருவர்தான். அந்தக் காலத்துத் தோட்டத்து மருத்துவச்சி. இப்போது செர்காமில் மகன் வீட்டில் படுத்த படுக்கை. ஆஸ்பத்திரியில், வீட்டுக்கே கொண்டுபோங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பக்கம் திரும்பி வரும்வரை அந்த அம்மா இருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டருக்கும் தெரியாது.

9. போன ஞாயிறு முனியாயியை அழைத்துக்கொண்டு பார்க்கப் போனேன். கேட்காமலே மாரியம்மா சொன்னார்: “ஒங்கம்மா பால் வாளியோட வந்தா. பால் நிறுக்கிற கொட்டகைல வரிசைல நிக்கையிலயே வலி கண்டுருச்சு. மழைன்னா மழை. என் சீலையக் கிழிச்சுத்தான் ஒன்னையச் சுத்துனேன்.” அன்று யார் எத்தனை பவுண்டு ரப்பர் பால் கொண்டு வந்தார்கள் என்பதைத் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி குறித்துக்கொண்டார். அதே கொட்டகையில் ஒரு பிள்ளை பிறந்ததை எழுதவில்லை. முனியாயி மாரியம்மாவின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

10. ஐயா, நான் பேசும்போது கொஞ்சம் உப்பு தூக்கலாகத்தான் இருக்கும். ஊருக்கே தெரியும், நாளை விசாரித்தால் தங்களுக்கும் சொல்வார்கள். ஆனால் ஒன்பதாம் பத்தியில் நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அதையும் தாங்கள் நம்பவேண்டாம். இன்டர்நெட்டை நம்பவேண்டாம், என்னை நம்பவேண்டாம், காளிதாஸ் மீதான விசாரணைகூடப் பிறகு ஆகட்டும். சத்தியப் பிரமாணம் வாங்கும் அதிகாரமுள்ள ஒருவரைச் செர்காமுக்கு அனுப்பி, அந்த அம்மாவின் வாயால் கேட்டு எழுதச் செய்யுங்கள். வண்டி இல்லையென்றால் நான் ஏற்பாடு செய்கிறேன்.

11. ஒரே ஒரு வேண்டுகோள். வருகிறவர் காலையில் வரட்டும். மாரியம்மாவுக்குக் காலை வேளையில் எல்லாம் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது. வெயில் ஏறிவிட்டால் பெற்ற மகனையே யார் என்று கேட்கிறார்.

தங்கள் ஆள் வரும் பாதையைப் பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
கு. தம்புசாமி

பாதிக்கப்பட்டவர்: முனியாயி, இடது பெருவிரல் ரேகை

இடம்: லூபோக் சீனா
நாள்: 17 ஆகஸ்டு 1999