வஞ்சிர ஏலத்தில் ஆன்லைன் வகுப்பு

அக்கா பெத்த தங்கமே,

நீ ரெண்டு நாளா மூஞ்சி குடுத்துப் பேசலை, அதான் எழுதுறேன்.

வூட்ல கீற ஒரே போனை நான் காசிமேட்டுக்கு மீன் ஏலம் வுட எடுத்துக்கினு போனது நிஜம். ஆனா உன் ஆன்லைன் வகுப்பை வுட்டேனா? உன் பேரைக் கூப்பிட்டதும் உன் குரல்லயே "பிரசன்ட் சார்"னேன். உங்க அம்மாவுக்கே வித்தியாசம் தெரியாது! மைக்கை மூட மறந்துட்டேன், அவ்ளோதான். கல்லூரி மொத்தமும் என் வஞ்சிர ஏலத்தைக் கேட்டு அசந்துபோச்சு.

அதுக்காக உங்க சார் உன்னைப் பரீட்சை எழுதக் கூடாதுன்னு சொன்னா சும்மா இருப்பேனா? இன்னிக்கு நேரா கல்லூரிக்கே போனேன். உங்க சார் எழுந்து நின்னு நாற்காலி போட்டாரு. "தப்பு என்னுது சார், புள்ளைய வுட்டுடுங்க"ன்னேன். இந்த வாய் அப்படிச் சொன்னது இதான் முதல் தடவை.

திங்கக்கிழமை நீ பரீட்சை எழுதலாம்.

போனை உன் தலையணைக்கிட்ட வெச்சுட்டேன், இனி அது உன்னுது. நான் கூப்பிட்டா எண்ணூர் வரைக்கும் கேக்கும், எனக்கெதுக்கு போன்?

காசிமேடே மதிக்கிற,
உன் மாமன்