சிவப்பு மையில் அடித்த பெயர்கள்

சரோஜினி நகர், புது டில்லி
20 நவம்பர் 1978, திங்கள்கிழமை

அன்பு மகள் சுகிர்தத்துக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் ஓரளவு சுகத்தோடு நாளைத் தள்ளுகிறோம், சாம்பியாவில் நீ எங்களைவிட நன்றாகவே இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் ஜெபம். உன் அக்டோபர் கடிதம் வந்தது. கணக்கோடு பூகோளத்தையும் உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய், எங்கே போனாலும் வாயில்லாத பிள்ளையின் தலையில்தான் கட்டுவார்கள். இந்தக் கடிதத்தை மூன்று தடவை தொடங்கிக் கிழித்துப் போட்டேன், ஏரோகிராமில் அடங்காது என்று இப்போது வெள்ளைத்தாளில் எழுதுகிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது, விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சபை ரிஜிஸ்டரில் இப்போது உன் பெயர் இல்லை. பதினோராம் தேதி மூப்பர்கள் ஐந்து பேரும் கூடிய செஷன் கூட்டத்தில் என் கையாலேயே சிவப்பு மையில் கோடு போட்டு அடித்தேன். உன்மேல் கோபத்தில் செய்ததாக நினைக்காதே. ஏன் செய்தேன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், பொறுமையாக வாசி.

முதலில் வீட்டு விஷயம். அம்மாவுக்கு இழுப்பு இந்த வருஷம் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பஞ்சாபி அம்மாள் சாயங்காலமானால் வாசலிலேயே அங்கீட்டி அடுப்பை மூட்டுகிறாள், புகை நேரே நம் சமையலறைக்குத்தான் வருகிறது. சொன்னால் அச்சா பாய்சாப், அச்சா பாய்சாப் என்று தலையாட்டுகிறாள், மறுநாளும் அதே இடம். மார்ச்சில் எனக்கு ரிடையர்மென்ட், இந்தக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், ஜனக்புரியில் ஒரு வீடு பார்த்தோம், இரண்டு மாடி ஏற வேண்டும், அம்மா படியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்து பஸ்ஸில் ஏறிவிட்டாள். சபையும் சொல்லிக்கொள்கிறமாதிரி இல்லை. மூன்று மணி எங்கள் வாலிபர் கூட்டத்துக்கு வேண்டும், தமிழ் ஆராதனையை ஒரு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள் இந்திக்காரர்கள், கட்டடம் அவர்களுடையது, சாப்பாட்டு நேரத்தில் யார் வருவார்கள். இப்போதே நாற்பது பேர் தாண்டுவதில்லை. ஆர்மோனியத்தில் இரண்டு கட்டை ஊமை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பாட்டுப் புத்தகம் வாசிக்க வரவில்லை, மாசிலாமணி மூப்பரின் பேத்தி பாட்டை இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறாள், ழகரம் வரும் இடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறோம். நீ நடத்திய புதன்கிழமைப் பள்ளிக்கூடம் நின்றது நின்றதுதான், எடுத்து நடத்த ஆள் இல்லை. கரும்பலகையை அலமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறோம்.

திருவிருந்துச் சீட்டு எப்படி என்று உனக்குத் தெரியும். வருஷத்துக்கு நாலு திருவிருந்து, ஒவ்வொன்றுக்கும் முந்தின வாரம் மூப்பர்கள் அவரவர் வட்டத்தில் வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணி ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்துவர வேண்டும், அன்றைக்கு அந்தச் சீட்டை வாசலில் தட்டில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும், பிறகு செஷன் கிளார்க் என்ற முறையில் நான் சீட்டுகளைப் பார்த்து வந்தவர்களுக்கு ரிஜிஸ்டரில் டிக் போடுவேன். தொடர்ந்து நாலு தடவை டிக் இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவது ரூல். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நீ எழுபத்தைந்து ஜூலையில் விமானம் ஏறினாய். ஆகஸ்ட் திருவிருந்துக்குச் சீட்டு எழுதும்போது பழக்கத்தில் உன் பெயருக்கும் ஒன்று எழுதிவிட்டேன், கிழிக்க மனம் வரவில்லை, என் சீட்டோடு சேர்த்துத் தட்டில் போட்டேன், நானே டிக்கும் போட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். ஆபீசில் முப்பத்து மூன்று வருஷமாக, அடுத்தவனுக்காக அட்டெண்டன்ஸில் இனிஷியல் போட்டவனையெல்லாம் மேலே எழுதி மெமோ வாங்கிக் கொடுத்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவே சரியாயிருக்கிறது, கோயிலுக்கெல்லாம் போவதில்லை என்று நீ எழுதிய பிறகாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பதின்மூன்று திருவிருந்துக்கு நீ ஆப்பிரிக்காவிலிருந்து வந்து போயிருக்கிறாய் பாப்பா. அம்மாவுக்குத் தெரியும், ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை.

முனிர்காவுக்குப் பின்னால் கட்டட வேலைக்காரர்கள் குடிசை போட்டிருந்தார்களே, விருத்தாசலம் பக்கத்து ஜனங்கள், அதுவும் என் வட்டம்தான். நீ சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போவாய், பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து பால் பவுடரும் கம்பளியும் போகும், இரண்டு வருஷத்தில் பதினொரு பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள், ஆண்டறிக்கையில் அதைப் பெரிதாக எழுதியவனும் நான்தான். கலியமூர்த்தியை மறந்திருக்க மாட்டாய், பவுனுவின் புருஷன், சாரம் கட்டுகிறவன். தாவீது என்று புதுப் பெயர் வைக்கலாம் என்று போதகர் சொன்னதற்கு, வேணாங்கய்யா, மேஸ்திரி தாவீதுன்னு கூப்பிட்டா யாரையோன்னு நான் பாட்டுக்கு நிப்பேன், நாளைக்கு கர்த்தரே கூப்பிட்டாலும் அதே கதிதான் என்றானே, போதகரே சிரித்துவிட்டார். எமர்ஜென்சியில், எழுபத்தாறு மார்ச்சில், புல்டோசர் வந்து ஒரே நாளில் எல்லாரையும் லாரியில் ஏற்றி ஜமுனையைத் தாண்டிக் கொண்டுபோய் இறக்கினார்கள் என்று உனக்கு எழுதினேன். அதற்கப்புறம் நான் ஒரு தடவைகூட அங்கே போகவில்லை என்பதை எழுதவில்லை. இரண்டு பஸ் மாற வேண்டும், முழங்கால் வலி, ஆபீசில் ஆடிட், ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைத்தது. அந்த நாளில் அங்கே போய்வருகிற கவர்ன்மென்ட் ஆளை யாராவது குறித்துக்கொள்வார்களோ என்ற பயமும் இருந்தது, அதை இன்றைக்குத்தான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். நான் போகாததால் சீட்டுப் போகவில்லை. சீட்டு இல்லாமல் வரக்கூடாது என்று நாமே சொல்லிக்கொடுத்திருந்தோம், அதனால் அவர்கள் வரவில்லை. நாலு திருவிருந்து அப்படிப் போனதும் எழுபத்தேழு மார்ச் செஷனில் பதினொரு பெயரையும் எடுத்துவிட்டோம். பிரேரித்தவர் மாசிலாமணி மூப்பர், கோடு போட்டவன் நான். வட்டவாரியாக எழுதிய ரிஜிஸ்டர், அதே பக்கத்தில் நாலு வரி மேலே உன் பெயர், அதற்கு நேரே வரிசையாக டிக்.

இந்த மாதம் ஐந்தாம் தேதி திருவிருந்து. என் சீட்டு, அம்மா சீட்டு, உன் சீட்டு மூன்றையும் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வருகிறேன், தட்டுக்குப் பக்கத்தில் மாசிலாமணியோடு ஒரு பெண்பிள்ளை நின்றுகொண்டிருக்கிறாள். அவ்வளவு இளைத்திருந்தாள், பவுனு என்று முதலில் தெரியவில்லை. கையில் எழுபத்தாறு பிப்ரவரித் தேதி போட்ட சீட்டு, நான் எழுதிக் கொடுத்ததுதான், அந்தத் தடவை காய்ச்சல் என்று வராமல் இருந்திருக்கிறாள், இத்தனை இடிபாட்டிலும் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். தேதி போன சீட்டு, ரிஜிஸ்டரிலும் பெயர் இல்லை, உள்ளே உட்காரலாம், ஆனால் அப்பமும் திராட்சரசமும் எடுக்கக்கூடாது என்று மாசிலாமணி சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், கிளார்க் அய்யாவே வந்துட்டாரு, அவரையே கேட்டுக்கோ என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா. ரூல் அப்படித்தாம்மா என்றேன். அவள் தலையைக் குனிந்தாள், குனிந்த இடத்தில் என் கையில் இருந்த சீட்டுதான் அவள் கண்ணில் பட்டது. மேலாக இருந்தது உன்னுடையது. உதட்டை அசைத்து சு, கி, ர் என்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள், நீ கொடுத்த படிப்பு. கூட்டி முடித்ததும் முகமெல்லாம் மலர்ந்துபோய், டீச்சரு வந்திருக்காங்களாய்யா, எங்க, எங்க என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். குத்திக்காட்ட அவளுக்குத் தெரியாது, நிஜமாகவே உன்னைத்தான் தேடினாள். இல்லை, வரவில்லை என்றேன். அப்ப இந்தச் சீட்டு என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். உன் சீட்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். அம்மாதான் அவள் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அப்பத்தட்டு அவள் மடிக்கு மேலாகக் கை மாறிப் போனது, அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அம்மாவும் அன்று எடுக்கவில்லை. ஆராதனை முடிந்து நான் வெளியே வருவதற்குள் பஸ் போய்விடும் என்று பவுனு கிளம்பிப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை செஷனில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன், பதின்மூன்று பொய்ச் சீட்டையும் சொன்னேன். கிளார்க் வேலை போகும், மூப்பர் பட்டம் போகும் என்று எதிர்பார்த்தேன். மாசிலாமணி சிரித்துக்கொண்டே, எங்களுக்குத் தெரியாதா அண்ணே, தட்டுகிட்ட நிக்கிறவன் நான்தானே, உங்க பொண்ணு பேரு இருந்துட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். எல்லாருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. பதினொரு பேரையும் திரும்பச் சேர்க்க வேண்டும் என்றேன். புதிதாக மனுக் கொடுத்து, செஷன் முன்னால் வந்து, விசுவாசக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் ஈஸ்டருக்குப் பிறகு பார்க்கலாம் என்று முடிவாயிற்று. அதை மினிட்ஸில் எழுதிவிட்டு, யாரும் கேட்காமலே ரிஜிஸ்டரைத் திறந்து உன் பெயரை அடித்தேன். கோடு கோணலாகத்தான் விழுந்தது. மூன்றாம் நாள் அம்மா காப்பியை வைத்துவிட்டு, அந்தப் பொண்ணு வீட்டுக்கு எப்ப போகப் போறீங்க என்று மட்டும் கேட்டாள்.

முந்தாநாள் போனேன். செப்டம்பரில் ஜமுனை பெருகி வந்ததே, பத்திரிகையில் பார்த்திருப்பாய், தண்ணீர் நின்ற கறை அங்கே சுவரெல்லாம் என் இடுப்பளவுக்கு இருக்கிறது. பவுனு கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். நான் மனுத்தாளை எடுத்து, உனக்கும் கலியமூர்த்திக்கும் சேர்த்தே எழுதித் தருகிறேன், இருவருக்கும்தான் கையெழுத்துப் போடத் தெரியுமே, அவன் வேலையிலிருந்து எப்போது வருவான் என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள். அவரு இல்லையேய்யா என்றாள். வெள்ளம் வடிந்த பிறகு மஞ்சள் காமாலை வந்து, பத்தே நாளில் போய்விட்டானாம். கல்லறைத் தோட்டத்தில் சபைக் கடிதம் கேட்பார்கள் என்று யாரோ சொல்ல, யாரிடம் போய் வாங்குவது என்று தெரியாமல் ஆற்றங்கரையில் எரித்துவிட்டார்கள். கழுத்தில் தாலி இல்லாததை அம்மா அன்றைக்கே கவனித்திருக்கிறாள், கஷ்டத்தில் அடகு வைத்திருப்பாள் என்று நினைத்தாளாம். பவுனு சொன்னாள், அன்னிக்கு அப்பத்துக்காக நான் வரலய்யா, நவம்பரு மாசம் செத்தவங்க பேரைப் படிப்பீங்களே, சபையே எழுந்திரிச்சு நிக்குமே, அவரு பேரையும் சேர்த்துப் படிக்கச் சொல்லலாம்னு வந்தேன், வாசல்லயே அப்படி ஆயிட்டுதா, அப்புறம் கேக்க வாய் வரல என்றாள். அன்று நான் மூன்று பெயர் வாசித்தேன் பாப்பா. மூன்றாவது முடிந்து எல்லாரும் உட்கார்ந்த பிறகும் அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள், அம்மா கையைப் பிடித்து உட்கார்த்தினாள், ரொம்ப நாள் வராததால் ஆராதனை முறை மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். இதைக் கேட்டதும் அந்தக் கட்டிலிலேயே அழுதுவிட்டேன். டீ ஆறுதுய்யா என்றாள். செஷனைக் கேட்டால் அங்கத்தினன் அல்லாதவன் பெயரை வாசிக்க முடியாது என்பார்கள், செத்தவனை மனுப் போடச் சொல்ல முடியாது, ரிஜிஸ்டரில் மரணம் என்ற கட்டத்தில் எழுதலாமென்றால் அந்த வரியில் ஏற்கெனவே என் கோடு கிடக்கிறது. இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை, அவளே, சபையில படிக்காட்டாப் போவுதுய்யா, டீச்சருக்கு எழுதறப்ப ஒரு வார்த்தை எழுதிடுங்க, அவரு பேரை அவரே எழுத கைபுடிச்சுச் சொல்லிக்கொடுத்த பொண்ணு, அதுக்காவது தெரியட்டும் என்றாள். மனுத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன், அவள் அதைக் கேட்கவே இல்லை.

அவள் சொன்னபடி எழுதுகிறேன். கலியமூர்த்தி, விருத்தாசலத்துக்காரன், சாரம் கட்டும் தொழில், வயது முப்பத்தெட்டு, நம் சபையின் அங்கத்தினன், 1978 அக்டோபர் பதினான்காம் தேதி கர்த்தருக்குள் நித்திரையடைந்தான்.

நீ அங்கே ஏதாவது ஒரு சபையில் போய் உட்கார்ந்தால் எனக்குச் சந்தோஷம், போகாவிட்டாலும் என் மகள்தான், ஆனால் உனக்காக இனிமேல் சீட்டு எழுத மாட்டேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கொசுவலை இல்லாமல் படுக்காதே. அம்மா முத்தம் சொல்கிறாள். கர்த்தர் உனக்குத் துணையாயிருந்து, போன இடத்தில் உன்னை ஒரு குறைவும் இல்லாமல் வைத்திருப்பாராக. ஒன்றே ஒன்று மறக்காமல் செய். கலியமூர்த்தியைப் பற்றி எழுதிய வரியை இன்னொரு தடவை வாய்விட்டு வாசி. உட்கார்ந்தபடி வாசிக்காதே, எழுந்து நில். நேற்று வீட்டில் நானும் அம்மாவும் நின்றோம், நீயும் நின்றால் மூன்று பேர்.

இப்படிக்கு,
உன் அப்பா
சத்தியநாதன்