ஜன்னலடியில் ஈரம்

4.5.1981, பரவை
இவர் பரீட்சைப் பேப்பர் திருத்தத் திருச்சிக்குக் கிளம்பிவிட்டார். பத்து நாள். மாமா பக்கவாதத்தில் படுத்து ஏழு மாதம். பெட்பேன் வைப்பது, துடைப்பது எல்லாம் இதுவரை மகன் கை. இனி மருமகள் கை. மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்த மனுஷர், ஒருநாளும் வெறும் பனியனோடு என் முன்னால் வந்ததில்லை. பெட்பேனோடு நான் உள்ளே போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

5.5.1981
காலையில் ஒரு தடவை பெட்பேனுக்குக் கூப்பிட்டார். அதோடு சரி.

6.5.1981
இன்று கூப்பிடவே இல்லை. வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். "தண்ணி குடிச்சீகளா மாமா?" "குடிச்சேம்மா." சொம்பும் காலிதான். பக்கத்து வீட்டுக் கோழி மாமாவின் ஜன்னலடியில் வந்து படுத்துக்கொள்கிறது. விரட்டினேன்.

7.5.1981
வெயில் கொல்லுகிறது. மாமாவின் உதடு வெடித்திருக்கிறது. பெட்பேனில் ஒரு வாய்க் காப்பி அளவு, நிறமும் அதேதான். சொம்பு சொம்பாகக் குடிக்கிற தண்ணீர் எங்கே போகிறது?

8.5.1981
கோழி மறுபடியும். விரட்டப் போனேன். அது படுத்திருந்த இடம் சேறு. ஊரே காய்கிறது, மாமாவின் ஜன்னலடியில் மட்டும் ஈரம். இடது கையால் சொம்பைத் தூக்கி வெளியே ஊற்றியிருக்கிறார். நாலு நாளா இந்த மனுசன் — நான் சந்தோசப்பட்டேனே, பாவி.

கேட்டேன். மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "உன் கையால அந்த வேலை வாங்க மனசு வரலை ஆனி. இன்பசேகரன் வார வரைக்கும் தாங்கிருவேன்."

9.5.1981
தாங்க மாட்டார். காலையிலிருந்து என்னைச் செத்துப்போன அத்தையின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "நாளைக்குள்ள நீர் நல்லாப் பிரியணும். இல்லைன்னா கிட்னி போயிரும்" என்றார்.

சாயங்காலம் தெளிவு வந்ததும் கேட்டேன். "எப்படிச் செஞ்சா உங்களுக்குத் தோதா இருக்கும் மாமா?" முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது. "போர்வையை விலக்காத. வச்சிட்டு வெளிய போயிரு. முடிஞ்சதும் சொம்புல தட்டுறேன்." பிடித்துப் புரள ஜன்னல் கம்பியில் கயிறு கட்டினேன். என் கண் முன்னாலேயே இரண்டு டம்ளர் குடித்தார். பெட்பேனை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

தட்டவில்லை.

10.5.1981
ஞாயிறு. பூசைக்குப் போகவில்லை. தண்ணீரும் கஞ்சியும் கொடுக்க மட்டும் உள்ளே போகிறேன்; மற்ற நேரமெல்லாம் கதவுக்கு வெளியே உட்கார்ந்தே இருக்கிறேன். சத்தமில்லை.

11.5.1981
விடியும்போது சொம்புச் சத்தம். பெட்பேனில் பாதிக்கு மேல். வெளுத்த மஞ்சள். கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன்.

இவருக்கு இன்லாண்ட் லெட்டர் எழுதினேன். "அப்பா மூத்திரம் போனார்" என்று ஆரம்பித்தேன். அது மாமாவின் விஷயம். அடித்துவிட்டு, "அப்பா நலம்" என்று எழுதினேன்.