உன் முதுகுக்கு எட்டிய கை

ராய்ஸ்,

டூசானில் தங்கை வீட்டில் இருக்கிறேன். தேடி வராதே.

செவ்வாயன்று தோல் டாக்டர் உன்னைச் சட்டையைக் கழற்றச் சொன்னபோது நானும் எட்டிப் பார்த்தேன். அரிசோனா வெயிலில் கூரை வேலை பார்த்தே வறண்டு வெடித்துப்போன முதுகு அது. நான் களிம்போடு வந்தாலே, "ஆளை விடும்மா, பிசுபிசுங்குது" என்று தள்ளிவிடுவாய். அன்று அது மெத்தென்று மினுங்கியது.

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பிரமாதம்மா! தினமும் விடாம பூசிவிட்டிருக்கீங்க. இவரு கை அங்க எட்டாதே!"

நீ தரையைப் பார்த்தாய்.

"ஆமா டாக்டர், பிடிவாதக்காரர்தான்" என்றேன். எனக்குச் சேராத பாராட்டை வாங்கிக்கொண்டு, காரை ஓட்டி வந்து உன்னை வீட்டில் இறக்கினேன். மறுநாள் காலையில் கிளம்பிவிட்டேன்.

யாரென்று கேட்கப்போவதில்லை. அவளிடம் ஒன்று மட்டும் சொல். காதுக்குப் பின்னால் பூச மறந்துவிடுகிறாள். அங்கே தோல் வெந்து செதில் செதிலாக உரிகிறது. அதை அசட்டையாக விடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். அது உன் காதில் விழுந்திருக்காது. அப்போது நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

இதுவரை உன் மனைவி