நர்ஸ் குரலில் ஒரு பொய்

ஜூன் 3
இன்று தலைமை ஆசிரியை குரலில் இருமி ஒரு வகுப்பையே எழுந்து நிற்க வைத்தேன். அடுத்த பீரியட் முழுக்க நான் வெளியே நின்றேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா படுத்திருக்கிறாள். தம்பி பிறந்ததிலிருந்து அவளுக்கு இதயம் பலவீனம். இன்னொரு பிரசவம் உயிருக்கே ஆபத்து. அம்மாவுக்கு ஆபரேஷனும் கூடாது. குடும்பக் கட்டுப்பாட்டை அப்பாதான் செய்துகொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லி நாலு மாதம் ஆகிறது. அப்பாவுக்கு வீடு மாற்றும் லாரியில் சாமான் தூக்கும் வேலை. பீரோ தூக்குவார், ஃபிரிட்ஜ் தூக்குவார். இந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் தூக்கம் வந்துவிடும்.

ஜூன் 5
தோழியின் போனிலிருந்து நர்ஸ் குரலில் அப்பாவைக் கூப்பிட்டேன். "ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறோம். எப்ப சார் வர்றீங்க?" சும்மா கலாய்க்கத்தான். பட்டென்று வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

வைக்கவில்லை. "சிஸ்டர், அதுக்கப்புறம் வெயிட் தூக்க முடியுமா? நாங்க நாலு பேர் டீம். ரெண்டு நாள் வரலேன்னா என் எடத்துல வேற ஆள் நிப்பான். விஷயம் தெரிஞ்சா, பொண்டாட்டிய விட்டுட்டு நீ போய்ப் படுத்தியான்னு லாரியே சிரிக்கும்."

அப்பா யாரிடமும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "மறுநாளே பீரோ தூக்கலாம் சார்."

"அப்படியா? அப்ப புதன்கிழமை வந்துடறேன்."

ஜூன் 6
அப்பா விசில் அடிக்கிறார். "உங்கப்பாவுக்கு என்னடி ஆச்சு?" என்கிறாள் அம்மா. சிரிக்கிறாள் வேறு.

ஜூன் 8
அம்மாவின் மாத்திரைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனவள் நிஜ நர்ஸிடமே கேட்டேன். "பலமெல்லாம் எங்கயும் போகாது. ஆனா ஒரு வாரம் வெயிட் தூக்கக் கூடாது. தூக்கினா வீங்கிடும், ரத்தம் கட்டிக்கும். மறுநாளேன்னு எந்த அறிவாளி சொன்னது?"

அந்த அறிவாளி மாத்திரையை வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்.

சொன்னால் அப்பா போக மாட்டார். சொல்லாவிட்டால் வியாழக்கிழமை பீரோ தூக்குவார். ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சிருக்கேன்?

ஜூன் 9
அப்பாவிடம் சொல்லிவிட்டேன். நர்ஸ் சொன்னதையும் ஒன்று விடாமல்.

அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். "அப்ப அன்னிக்குப் பேசினதெல்லாம் உங்கிட்டயா?" என்று மட்டும் கேட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடித்திருக்கலாம்.

ஜூன் 10
அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனார். லாரி டீமுக்கு மட்டும் தனக்குக் காய்ச்சல் என்று தகவல்.

ஜூன் 12
டீம் தலைவர் வாசலுக்கு வந்தார். அப்பாவைவிட ஒரு முழம் உயரம். நான் வைத்த பெயர் கிரேன். "காய்ச்சலாமே உங்கப்பனுக்கு?"

"நூத்தி மூணு மாமா. உளறல் வேற" என்று ஆரம்பித்தேன்.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல்: "காய்ச்சல் இல்லண்ணே. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். நான்தான் பண்ணிக்கிட்டேன். புதன்கிழமை வரைக்கும் தூக்க மாட்டேன். ஆள் போடறதுன்னா போட்டுக்குங்க."

அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

கிரேன் சிரிக்க வாயைத் திறந்தார். அம்மாவைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"ஆள் போட்டாச்சு. புதன்கிழமை நீ வந்ததும் அவன அனுப்பிடறேன்" என்றார். ஆனால் நகரவில்லை. தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "ரொம்ப வலிக்குமாடா?" என்றார்.

"செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்கண்ணே" என்றார் அப்பா.