வலப்பக்கம் போகாத மூச்சு

இன்று காலை பீரோவைச் சுத்தம் செய்த மருமகள் ஒரு பச்சை ஜமக்காளத்தை எடுத்து உதறினாள். யூகலிப்டஸ் தைல வாசம் கூடமெங்கும் பரவியது. நீ போய் ஓராண்டு ஆகப்போகிறது. மடிப்புக்குள் வாசம் இன்னும் இருந்திருக்கிறது.

கறவை மாடு என்னைத் தொழுவத்துச் சுவரோடு வைத்து நசுக்கிய அந்த வருஷம், இந்த ஜமக்காளத்தில் படுக்கவைத்து நீ எனக்குத் தேய்த்துவிட்ட தைலம் அது. வலப்பக்க விலாவில் விரிசல். எலும்பு கூடிவிட்டது, இனி நன்றாக மூச்சை இழுத்து விடுங்கள் என்று பாலக்காட்டு டாக்டர் சொல்லி அனுப்பிய பிறகும் நான் மேல்நெஞ்சிலேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். ஆழமாக இழுத்தால் எலும்பு மறுபடி விட்டுப்போகும் என்று பயம். தென்னந்தோப்புக்கு நின்று நின்றுதான் போக முடிந்தது. தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றுகூடப் பேச ஆரம்பித்தேன்.

வாயனசாலை என்கிற ஊர் நூலகத்தில் பெண்களுக்கு யோகா சொல்லித்தருகிறார்கள் என்று கேட்டுப் போய்ச் சேர்ந்தாய். உன் முட்டிவலிக்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒருநாள் என்னை முக்காலியில் உட்காரவைத்து, பின்னால் அமர்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் என் விலாவில் பதித்தாய். வாரியெல்லு, அதுதான் விலா எலும்பு, விரியணும் என்று டீச்சரின் மலையாளத்தையும் சேர்த்துச் சொன்னாய்.

"ஏனுங்க, மூச்ச இழுத்து என்ற கையை வெளிய தள்ளுங்க. வலிச்சா நிறுத்திக்கலாம்."

எனக்குக் கூச்சம். மருமகள் வந்துவிடுவாள் என்றேன். வந்தால் வரட்டும் என்றாய். பேரன் எடுத்த பிறகு, பகல் வெளிச்சத்தில், நீ என்னை அப்படித் தொட்டது அதுதான் முதல் முறை. உன் இடது கை நகர்ந்தது. வலது கை அசையவே இல்லை. அதற்காக, வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கி இடப்பக்கம் சாயச் சொன்னாய். வலப்பக்கத்துக்குள் மூச்சை மெல்ல அனுப்பச் சொன்னாய். பலன் தெரியாமல் நான் சலித்துக்கொண்டபோது சொன்னாய்: "எலும்பு எப்பவோ கூடிருச்சுங்க. நீங்கதான் இன்னும் புடிச்சுட்டிருக்கறீங்க."

மழை பிடித்திருந்த ஒரு காலையில் உன் வலது கை நகர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகணும் என்று எழுந்துவிட்டாய். குத்தகைப் பேச்சை நான் பிறகு எடுக்கவில்லை.

போன வருஷம் உன் நோய் முற்றி, ஆஸ்பத்திரியில் நீ மூச்சுக்குத் தவித்தபோது, நர்ஸிடம் கேட்டுவிட்டு உன் பின்னால் உட்கார்ந்து கைகளை வைத்தேன். தள்ளு என்று சொல்ல மனம் வரவில்லை. உன்னிடம் அதற்குத் தெம்பும் இல்லை.

"எடுத்துராதீங்க" என்றாய். எடுக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் மகன் களத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தான். மீசை முளைத்த பிறகு நான் அவனைத் தொட்டதே இல்லை. என் அப்பாவும் என்னைத் தொட்டதில்லை. பக்கத்தில் போய் முதுகில் கை வைத்தேன். அவன் என் மேல் சாய்ந்து, விலா குலுங்க அழுதான். எங்கே வைப்பது, எவ்வளவு அழுத்துவது, எதுவரை எடுக்காமல் இருப்பது என்பதெல்லாம் என் கைகளுக்குத் தெரிந்திருந்தது.